வெளிநாட்டுக்குக் குறுகிய கால மிஷன் பயணம்: முதல் கடிதம் முதல் கணக்கு ஒப்படைப்பு வரை

ஒரு கிறிஸ்தவ சபையிலிருந்து 8 முதல் 12 பேர், 10 முதல் 14 நாள், வேறொரு நாட்டிலுள்ள ஒரு சபைக்கு ஊழியத்தில் உதவப் போவதுதான் குறுகிய கால மிஷன் பயணம். இந்த வழிகாட்டி அந்த அளவுக்கானது. 12 பேருக்கு மேல் போனால் ஒரே வேனில் அடங்காது, சமையலறை திணறும், அங்குள்ள போதகர் ஊழியத்தை விட்டுவிட்டு விருந்தினர் மேலாளராகிவிடுவார். 6 பேருக்குக் குறைந்தால், ஒருவர் காய்ச்சலில் படுத்தாலே வேலை நின்றுவிடும்.

பத்து நாள் பயணத்துக்குப் பத்து மாத வேலை இருக்கிறது. அதில் பெரும்பகுதி பெட்டி கட்டுவதில் இல்லை, கேட்பதில் இருக்கிறது.

1. அழைக்கும் சபையிடம் கேட்பது (10–12 மாதம் முன்பு)

வெளிநாட்டிலிருந்து விருந்தினர் வருகிறோம் என்று சொன்னால் எந்தப் போதகரும் "வேண்டாம்" என்று சொல்லமாட்டார். மரியாதை ஒரு காரணம். மறுத்தால் வருங்கால உதவி நின்றுவிடுமோ என்ற பயம் இன்னொரு காரணம். "நாங்கள் வந்து பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தட்டுமா ஐயா?" என்று கேட்டால் "கட்டாயம் வாருங்கள்" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாதபடி கேளுங்கள். இந்த வருஷம் உங்கள் சபை கையில் எடுத்திருக்கும் வேலைகள் எவை? அவற்றில் உள்ளூர் ஆட்களால் முடியாதது எது? கடைசியாக வந்த குழு போன பிறகு உங்களுக்கு என்ன சிரமம் மிஞ்சியது? எந்த மாதத்தில் நாங்கள் வரவே கூடாது? கடைசியாக, கேட்கக் கஷ்டமான ஒன்று: இந்தப் பயணச் செலவில் பாதியை உங்கள் கையில் கொடுத்தால் எதைச் செய்வீர்கள்?

இந்தக் கேள்விக்குப் போதகர் சற்றும் யோசிக்காமல் பதில் சொன்னால், அங்கே அவசரத் தேவை இருக்கிறது என்று அர்த்தம். அப்போது பன்னிரண்டு பேருக்குப் பதில் நாலு பேர் போய், மீதியை அந்த வேலைக்கே கொடுப்பது பற்றி சபையை நடத்தும் உங்கள் மூப்பர்கள் ஒருமுறை உட்கார்ந்து பேசவேண்டும். பேசிவிட்டு பன்னிரண்டு பேரே போவதும் சரிதான். பேசாமல் போவதுதான் தவறு.

பேச்சு முடிந்ததும் இரண்டு பக்கத்துக்கு மிகாத ஒப்பந்தம் எழுதுங்கள். தேதி, ஆள் எண்ணிக்கை, என்ன வேலை, எந்தச் செலவு யாருடையது, மொழிபெயர்ப்பாளர் யார், வாகனம் யாருடையது, பிள்ளைகள் பாதுகாப்பு விதி, படம் எடுக்கும் விதி ஆகியவை அதில் இருக்கட்டும். நிகழ்ச்சி நிரலில் கருத்து வேறுபாடு வந்தால் அழைத்த சபையின் சொல்லே கடைசிச் சொல் என்ற ஒரு வரியும் கட்டாயம் இருக்கவேண்டும். அந்த வரி இல்லாவிட்டால், செலவு செய்கிறவர்களே எஜமான்கள் ஆகிவிடுவார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, தானாக நடந்துவிடும்.

அனாதை இல்லம் ஒன்றுக்குப் போய்ப் பிள்ளைகளோடு விளையாடுவது என்று திட்டம் வந்தால் நிறுத்தி யோசியுங்கள். உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். விருந்தினரும் காணிக்கையும் வருவதால்தான் பிள்ளைகளைச் சேர்க்கும் இல்லங்களும் உண்டு. வாரத்துக்கு ஒரு குழு வந்து கட்டிப்பிடித்து, அழுது, விடைபெற்றுப் போனால், ஒட்டுவதும் பிரிவதுமே அந்தப் பிள்ளையின் பழக்கமாகிவிடும். இல்லப் பணியாளர்களுக்குப் பயிற்சி, கழிப்பறை பழுது, குடும்பங்களுக்கு உதவி என்று வேறு வழியில் போங்கள்.

2. சட்டமும் விசாவும் (8 மாதம் முன்பு)

இதில் நிறைய சபைகள் அலட்சியமாக இருக்கின்றன. "சுற்றுலா விசாவில் போய்விடலாம், யார் கேட்கப்போகிறார்கள்" என்பது அடிக்கடி கேட்கும் வாசகம். விதி நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் மிஷனரி விசா தனி வகை. சுற்றுலா விசாவில் மதப் பிரசாரம் செய்யக் கூடாது. நேபாளத்தின் 2015 அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு மதமாற்றத்தைத் தடை செய்கிறது. அதன் தண்டனைச் சட்டத்தின் 158ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் உண்டு, வெளிநாட்டவர் நாடுகடத்தப்படுவார். ஆனால் நீங்கள் விமானம் ஏறி வந்துவிட்ட பிறகும் விசாரணைக்குப் பதில் சொல்லவேண்டியவர் உள்ளூர்ப் போதகர். அதனால் சட்டத்தைப் பற்றிய கேள்வியில் தைரியம் காட்டும் உரிமை நமக்கில்லை.

செய்யவேண்டியது இது. தூதரகத்துக்கு நீங்கள் செய்யப்போகும் வேலைகளை வரிசையாக எழுதி, எந்த விசா வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஆராதனையில் பேசுவது, சிறுவர் வகுப்பு, சுவர் கட்டுவது, மருத்துவ முகாம் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லுங்கள். சம்பளம் வாங்காத கட்டட வேலையையும் சில நாடுகள் "வேலை" என்றே கணக்கிடும். விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில் உண்மையை எழுதுங்கள்.

பாஸ்போர்ட் திரும்பும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும், 2 வெற்றுப் பக்கமாவது வேண்டும். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பொருந்தவேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள், அதை எப்படிப் பதிவது என்று விமான நிறுவனத்திடம் கேட்ட பிறகே வாங்கவேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர் வந்தால் பெற்றோர் இருவரின் ஒப்புதல் கடிதமும், நோட்டரி சான்றும் கையில் இருக்கட்டும்.

மருத்துவ முகாம் என்றால் டாக்டருக்கும் நர்ஸுக்கும் அந்த நாட்டின் தற்காலிக உரிமம் தேவை. மருந்து எடுத்துச் செல்ல முன்அனுமதி தேவை. நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு காலாவதி மீதமிருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நம் அலமாரியில் மீந்த மாத்திரைகளைச் சேகரித்துக் கொண்டுபோவது உதவி ஆகாது.

3. ஆள் தேர்வு (7 மாதம் முன்பு)

விண்ணப்பம், பரிந்துரைக் கடிதம் இரண்டு, நேர்காணல். பிள்ளைகளோடு பழகப்போகும் ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சான்று. இதில் போதகரின் மகனுக்கும் விலக்கில்லை.

நேர்காணலில் ஆவிக்குரிய அனுபவத்தைக் கேட்பதோடு, "கடைசியாக நீங்கள் நினைத்தது நடக்காதபோது என்ன செய்தீர்கள்?" என்றும் கேளுங்கள். பாட்டுப் பாடுகிறவரைவிட, பஸ் நாலு மணி நேரம் தாமதமாகும்போது முகம் சுளிக்காதவர்தான் குழுவுக்குத் தேவை. குடும்பத்தில் சமீபத்தில் மரணம் நடந்தவர், திருமண முறிவில் இருப்பவர், மாறுதலுக்காகப் போனால் மனசு தேறும் என்று வருபவர் போன்றவர்களை அன்போடு அடுத்த வருஷத்துக்கு ஒத்திவையுங்கள்.

பொறுப்புகளைப் பிரியுங்கள்: தலைவர், துணைத் தலைவர், பணம் வைத்திருப்பவர், உடல்நலம் பார்ப்பவர். ஊரில் இருந்தபடி 24 மணி நேரமும் போன் எடுக்கும் தொடர்பாளர் ஒருவரும் வேண்டும். தலைவரும் பணம் வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

4. பணம்

எருசலேம் சபைக்கான காணிக்கையைப் பவுல் தனியாகச் சுமக்கவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரரைக் கூட வைத்துக்கொண்டார். யாரும் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது என்பதே காரணம் என்று 2 கொரிந்தியர் 8:19–21 சொல்கிறது. இருவர் கையெழுத்து, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, தினமும் இரவில் கணக்கு. இதுதான் முறை.

பட்ஜெட்டில் விமானம், விசா, தடுப்பூசி, காப்பீடு, தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர் வாகனம், மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளம், வேலைக்கான பொருள், அழைத்த சபையின் மின்சாரம், தண்ணீர்ச் செலவு ஆகியவற்றை எழுதுங்கள். இந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மொத்தத்தின் மேல் 10 முதல் 15 சதவீதம் எதிர்பாராச் செலவுக்கு வையுங்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். அவசர விமானத்தில் வேறு நாட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு அதில் இருக்கிறதா? உடலுழைப்பு வேலை விலக்கப்பட்டிருக்கிறதா? ஏணி ஏறிக் கூரை வேய்ந்தவர் விழுந்தால், "பயணி"க்கான சாதாரணக் காப்பீடு கைவிரித்துவிடலாம்.

ரொக்கமாகக் கொண்டுபோவதைக் குறையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோ முதலும், அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேலும் இருந்தால் சுங்கத்தில் அறிவிக்கவேண்டும். அமெரிக்காவில் ஒன்றாகப் பயணிக்கும் குழுவின் தொகையைச் சேர்த்தே கணக்கிடுவார்கள். பத்துப் பேர் பையில் பிரித்து வைத்தால் தப்பிவிடலாம் என்ற யோசனை நம்மையே மாட்டிவிடும்.

5. உடல்நலம் (8 வாரம் முன்பு மருத்துவரிடம்)

பயண மருத்துவம் தெரிந்த மருத்துவரிடம் போங்கள், போகும் ஊரின் பெயரையே சொல்லுங்கள். நாட்டின் பெயர் மட்டும் போதாது, ஒரே நாட்டில் ஒரு பகுதியில் மலேரியா இருக்கும், இன்னொன்றில் இருக்காது. மஞ்சள் காய்ச்சல் ஊசி நாட்டுக்குள் நுழைவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் சான்றிதழ் செல்லாது. 2016 ஜூலையிலிருந்து அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுதும் செல்லும். இது உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த ஊசி. எனவே கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், 60 வயதைத் தாண்டி முதல்முறை போடுகிறவர்கள் மருத்துவர் சொல்லாமல் போடக் கூடாது.

மலேரியா மாத்திரையில்தான் அதிகம் தவறுகிறார்கள். வீடு வந்து சேர்ந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரையைத் திரும்பிய பிறகும் 4 வாரம் விழுங்கவேண்டும். கடைசி நாள் கடித்த கொசுவின் கிருமி முதலில் கல்லீரலில் தங்கிப் பிறகு ரத்தத்துக்கு வருகிறது, இந்த மருந்து முக்கியமாக ரத்தத்தில் வந்த பிறகுதான் அதைக் கொல்லும். அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்ற மாத்திரை கல்லீரலிலேயே வேலை செய்வதால் அதற்கு 7 நாள் போதும். மாத்திரை விழுங்கினாலும், திரும்பி ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால் எங்கே போயிருந்தோம் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

வழக்கமாகச் சாப்பிடும் மருந்தை அதன் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். நம்மிடம் சாதாரணமாகத் தெரியும் மருந்து வேறிடத்தில் தடையில் இருக்கலாம். ஜப்பானுக்குள் ஆம்பெட்டமின் கலந்த மருந்தைச் சீட்டு இருந்தாலும் கொண்டுபோக முடியாது.

வயிற்றுப்போக்கு யாராவது ஒருவருக்கு வரும், அதைக் கணக்கில் வைத்தே திட்டமிடுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆளுக்கு 6. தீர்ந்துபோனால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தண்ணீர் தளதளவென்று கொதித்த பின் 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலான மலையூரில் 3 நிமிடம் கொதிக்கட்டும். நாய் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்து சாலையில் இருக்கிறது. இரவில் ஊர்விட்டு ஊர் போகக் கூடாது. சீட்பெல்ட் இல்லாத வேன் வேண்டாம். ஓட்டுநருக்கு மாலைக் கூட்டத்தின் நேரம் முழுதும் ஓய்வு வேண்டும். அவரை மேடைக்குக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள், தூங்கவிடுங்கள்.

6. பயிற்சி: மொழிபெயர்ப்பாளரோடு பேசக் கற்பது

ஆறு கூட்டம், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். நாட்டின் வரலாறு, அந்தச் சபையின் வரலாறு, உடை, வணக்கம் சொல்லும் முறை, பிள்ளைகள் பாதுகாப்பு, இருபது வார்த்தை மொழி. இவற்றுக்கு நாலு கூட்டம் போதும். மீதி இரண்டை மொழிபெயர்ப்போடு பேசும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள், யாரும் இதை ஒதுக்குவதில்லை.

40 நிமிட நேரம் கொடுத்தால் உங்கள் செய்தி 18 நிமிடம்தான். ஒரு வாக்கியத்தில் ஒரு கருத்து. "நாம் கஷ்டத்தில் இருக்கும்போது, அதாவது, கர்த்தர் நம்மை..." என்று பாதியில் நிறுத்தினால், வினைச்சொல் கடைசியில் வரும் நம் மொழியில் மொழிபெயர்ப்பாளர் எதைப் பிடிப்பார்? "கஷ்டம் வந்தது." நிறுத்துங்கள். "கர்த்தர் கூட இருந்தார்." நிறுத்துங்கள். சிலேடை, அடுக்குமொழி, எதுகை மூன்றையும் வீட்டில் விட்டுப் போங்கள். நம் பிரசங்கத்தின் பாதி அழகு அதில்தான் இருக்கிறது, ஆனாலும் அது எல்லை தாண்டாது.

வசனப் பட்டியலை முந்தின நாளே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். எண்கள் எல்லா வேதாகமத்திலும் ஒன்றல்ல. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" நமக்கு 23ஆம் சங்கீதம், ரஷ்ய மொழியின் சினோதல் வேதாகமத்தில் அது 22. மேடையில் நின்று எண்ணைச் சொல்லிவிட்டு, கூட்டமே பக்கத்தைப் புரட்டிக் குழம்புவதைப் பார்க்கவேண்டியிருக்காது.

பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் ஜனங்களைப் பாருங்கள். ஒருவரே நாள் முழுதும் மொழிபெயர்க்க முடியாது. அரைநாள் முடிந்ததும் ஆள் மாறவேண்டும்.

7. பெட்டி

ஒரு பெட்டி 23 கிலோவுக்குள், கைப்பையில் இரண்டு நாள் துணி. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 20,000 மில்லி ஆம்பியர் மணி என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுக்க 74 வாட் மணி. 100-க்குள் இருப்பதால் அனுமதி உண்டு. கைப்பைத் திரவம் 100 மில்லிக்குள். சிறுவர் வகுப்புக்கான நோட்டு, கிரேயான், பசை எல்லாவற்றையும் அங்கேயே வாங்குங்கள். பெட்டியும் இலேசாகும், அங்குள்ள கடைக்கும் வியாபாரம்.

8. அங்கே இருக்கும் நாட்கள்

இறங்கிய நாளில் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். நேர மண்டலம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒருநாள் உடம்பு கேட்கும். முதல் நாள் முழுதும் கேட்பதற்கு: போதகரோடு நடந்து தெருவைப் பார்ப்பது, சபையாரின் வீட்டில் உட்கார்வது.

கட்டட வேலை இருந்தால் நிகழ்ச்சி நிரலை கான்கிரீட்டின் நாட்காட்டியில் வையுங்கள். கான்கிரீட் போட்டபின் குறைந்தது 7 நாள் ஈரமாக வைக்கவேண்டும். பத்து நாள் பயணத்தில் எட்டாம் நாள் தரை போட்டால், பெட்டி கட்டிய பிறகு யார் தண்ணீர் விடுவது? அதனால் இரண்டாம் மூன்றாம் நாளிலேயே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளூர்க் கொத்தனாருக்கு ஏழு நாள் கூலியைச் சேர்த்துக் கொடுங்கள். வேலையை வழிநடத்துவதும் அந்தக் கொத்தனாரே. கரண்டி பிடிக்கத் தெரியாத பத்துப் பேர் ஒரு சுவரைக் கட்டி, இரவில் அவர் அதைப் பிரித்துக் கட்டுவது நகைச்சுவையாகச் சொல்லப்படுவது உண்டு. அவருக்கு அது நகைச்சுவை அல்ல.

பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்திருக்கவேண்டும். படம் எடுக்குமுன் பெற்றோரிடம் கேளுங்கள். முகம், பெயர், ஊர் மூன்றும் ஒன்றாகப் போகக் கூடாது. சபைக்கு நெருக்கடியுள்ள நாட்டில் எந்தப் படமும் இணையத்தில் வேண்டாம்.

இரவில் அரைமணி நேரம் குழுவாக உட்காருங்கள். இன்று எதைப் பார்த்தேன், எதில் தவறினேன், யாரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். மூன்று கேள்வி போதும். நாலாம் ஐந்தாம் நாளில் தூக்கமின்மையும் வெயிலும் சேர்ந்து ஒரு சண்டை வரும், பெரும்பாலும் குளியலறை வரிசையில் தொடங்கும். அதை அன்றிரவே பேசிவிடுங்கள்.

தனிப்பட்ட வாக்குறுதி யாரும் கொடுக்கக் கூடாது. "உன் படிப்புச் செலவு என் பொறுப்பு" என்று கண்ணீரோடு சொன்னவர் ஊர் வந்ததும் மறந்துவிடுகிறார். அந்தப் பிள்ளை மறப்பதில்லை. அது போதகர் வாசலில் போய் நிற்கும். கொடுக்க விரும்பினால் எல்லாம் சபைக் கணக்கு வழியாக, போதகரின் ஒப்புதலோடு.

9. ஏதாவது தவறினால்

ஒரே ஒரு தாளில் எழுதி ஆளுக்கொன்று கொடுங்கள்: தூதரக எண், அருகிலுள்ள நல்ல மருத்துவமனை, காப்பீட்டு எண், ஊர்த் தொடர்பாளர், தங்குமிட முகவரி (உள்ளூர் எழுத்திலும்). பாஸ்போர்ட் நகல் இரண்டு, ஒன்று தலைவரிடம். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல்நிலையப் புகார், பிறகு தூதரகத்தில் அவசரப் பயண ஆவணம், சில நாடுகளில் வெளியேற அனுமதியும் தனியாக வேண்டும். இதற்கு நாலைந்து நாள் பிடிக்கலாம், அதனால் உடன் தங்கப்போகும் இரண்டாவது ஆள் யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஒருவரை ஊருக்குத் திருப்பி அனுப்பும் அதிகாரம் தலைவருக்கு உண்டு என்பதில் எல்லோரும் முன்பே கையெழுத்திட்டிருக்கவேண்டும்.

10. திரும்பிய பிறகு

பவுலும் பர்னபாவும் திரும்பிவந்ததும் சபையைக் கூட்டி நடந்ததை அறிவித்தார்கள் (அப்போஸ்தலர் 14:27). இரண்டு வாரத்துக்குள் அந்த அறிக்கையைக் கொடுங்கள். படக்காட்சியில் நம் குழுவின் படங்கள் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. 30 நாளுக்குள் ரசீதுகளோடு கணக்கு, அதன் நகல் அழைத்த சபைக்கும்.

பிறகு மூன்றாம் மாதம் அங்குள்ள போதகருக்கு ஒரு போன். அவரிடம் நேரடியாகக் கேட்டால் மரியாதைக்கு நல்லதே சொல்வார். அதனால் கேள்வியைப் பொருளின் மேல் வையுங்கள். அந்தத் தரையில் விரிசல் விட்டதா? வகுப்புக்கு வந்த பிள்ளைகளை இப்போது யார் நடத்துகிறார்கள்? எங்கள் ஆட்கள் யாராவது உங்களைக் கேட்காமல் தனியாகப் பணம் அனுப்புகிறார்களா? பதில்களை எழுதி, அடுத்த குழுவின் கோப்பில் முதல் பக்கமாக வையுங்கள்.